படத்துக்குக் கீழே இருந்த வரி

அஞ்சலை எங்கள் வீட்டுக் குசினிக் கதவுக்கு வெளியே நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக் காலை. அப்பாவும் அம்மாவும் மாதா கோவில் பூசைக்குப் போயிருந்தார்கள். பரீட்சை வருகிறது என்று சொல்லி நான் மட்டும் வீட்டில் இருந்தேன்.

அவள் உள்ளே வரவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். எலுமிச்சங்காய் வைத்துத் தேய்த்திருந்தாள். அந்த வாசனை என் மேசைவரை வந்தது. ஆனாலும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களின் விரல்களில் ஏறும் கறுப்புக் கறை நகக்கண்ணிலும் விரல் மடிப்புகளிலும் அப்படியே இருந்தது. அது எதற்கும் போகாது.

"நல்லா கழுவிட்டேன் சின்னய்யா. அந்தப் படத்த ஒருக்கா காட்டுங்களேன்."

அவள் கேட்டது எங்கள் வீட்டுக் கலைக்களஞ்சியத்தில் இருந்த ஒரு படத்தை. எனக்கு அப்போது வயது பதினெட்டு. அன்று நான் என்ன செய்தேன் என்பதை இந்த வாரம் எழுதிவிட வேண்டும். பள்ளிக்கூடம், பதுளைக் கடைவீதி, மழை என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் இத்தனை வாரமும் எழுதி, இதைச் சுற்றிச் சுற்றியே நடந்துகொண்டிருந்தேன்.

எழுத உட்கார்த்தியது குற்ற உணர்வு மட்டும் அல்ல. கோபமும்தான். முதலில் கோபத்தைச் சொல்கிறேன்.

யார் வீட்டில்?

சில வாரங்களுக்கு முன்பு பழைய மாணவர்களின் பகல் விருந்து ஒன்றுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற டொக்டர்கள், பொறியியலாளர்கள், என்னைப்போல் ஓரிரண்டு வாத்தியார்கள். சாப்பாடு முடிந்து வட்டிலாப்பம் வந்த நேரம் பேச்சு பழைய புத்தகங்களின் பக்கம் திரும்பியது. யாரோ கலைக்களஞ்சியம் என்றார். அவ்வளவுதான். தடித்த அட்டை, பொன்னெழுத்து, பசையின் மணம், வண்ணப் படங்களின் மேல் கிடக்கும் மெல்லிய தாள் என்று ஆளுக்கொன்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு டொக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"அந்தக் காலத்தில நம்ம எல்லார் வீட்டிலயும் ஒரு செட் இருந்துச்சே. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு அது எங்க விளங்கப் போகுது" என்றார் அவர்.

யார் வீட்டில் என்று கேட்டேன். அவர் சிரித்தார். உங்கள் வீட்டில்தானே, நானே வந்து பார்த்திருக்கிறேனே என்றார்.

அவர் சொன்னது சரி. எங்கள் வீட்டில் இருந்தது. எங்கள் தோட்டம் முழுவதற்கும் இருந்தது அந்த ஒரே செட்தான். மலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை தொழிலாளர் லயங்கள்; ஒவ்வொரு லயத்திலும் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள்; ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம், சிலதில் இரண்டு. "நம்ம எல்லார் வீட்டிலயும்" என்ற பேச்சுக்குள் அந்தக் காம்பராக்களில் ஒன்றுகூட இல்லை. வீடு என்றால் எங்கள் வீடு. பிள்ளைகள் என்றால் நாங்கள். ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகியும், கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, இன்னும் அப்படியே பேசுகிறோம்.

அந்த விருந்தில் நானும் வட்டிலாப்பத்தைச் சாப்பிட்டு முடித்தேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போது விளங்கியது.

கூடையில் வந்த செட்

என் அப்பா பெரிய கிளாக்கர். தோட்டத்தை நடத்தும் துரைக்கு அடுத்தது தான் என்று நினைத்தவர். துரை அப்படி நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். பண்டாரவளையிலிருந்தும் பதுளையிலிருந்தும் ஆட்கள் வந்து கட்டில், மெத்தை, பீங்கான், புல்வெட்டும் இயந்திரம் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். கலைக்களஞ்சியத்தையும் அது இருந்த கண்ணாடி அல்மாரியையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா எடுத்தார்.

அல்மாரியை நான்கு ஆம்பிளைகள் தோளில் தூக்கி வந்தார்கள். புத்தகங்களை எப்படி இறக்குவது என்று பார்த்துவிட்டு, அன்று மத்தியானக் கொழுந்து நிறுத்து முடிந்த பெண்களைக் கங்காணி நிறுத்திவைத்தார். கொழுந்துக் கூடைக்குள் சாக்கு விரித்து, கூடைக்கு இரண்டு புத்தகமாக வைத்து, கயிற்றை நெற்றியில் மாட்டி, பங்களாவிலிருந்து எங்கள் வீடுவரை அந்தப் பெண்கள் சுமந்து வந்தார்கள். அவர்களில் ஒருத்தி அஞ்சலை. முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் லெச்சுமி.

மலைநாட்டு ஈரத்துக்குப் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அல்மாரிக்குள் ஒரு மின்குமிழைப் பொருத்தி, அதை எந்நேரமும் எரியவிட்டார். எங்கள் வீட்டுக்கு ஃபெக்டரியிலிருந்து மின்சாரம் வந்தது. லயங்களுக்கு வரவில்லை. அங்கே மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. அந்தப் புகையில்தான் பிள்ளைகள் படித்தார்கள், படித்தவர்கள். புத்தகங்களுக்குச் சளி பிடிக்கக்கூடாது என்று அவற்றுக்கு விளக்கு எரிந்தது.

அந்த வயதில் இது எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் அல்மாரி வெளிச்சம் கீழ் லயத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது என்று யாரோ சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது.

பதுளையில் புடவைக்கடை வைத்திருந்த காசிம் நானா மாதத்துக்கொரு தடவை துணி மூட்டையோடு தோட்டத்துக்கு வருவார். அம்மா துணியைப் புரட்டும் நேரத்தில் அவர் அல்மாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு தடவை என்னிடம் கேட்டார்:

"இவ்வளவையும் ஓதி முடிச்சா என்ன மகன் செய்யிற? மறுகா மொதல்ல இருந்தா?"

யாரும் முதல் புத்தகத்தையே முடித்ததில்லை என்று நான் சொல்லவில்லை. அப்பா அதைத் திறப்பது விருந்தாளிகள் வந்தால்தான். பேச்சில் ஏதாவது சந்தேகம் வரும்படி அவரே பார்த்துக்கொள்வார். உடனே சாவியை எடுப்பார். வாசித்துவிட்டு, "பாருங்க, சொன்னேன்ல" என்பார். அச்சில் இருந்தால் அது முடிந்த விஷயம். எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

எனக்கு அந்தப் புத்தகங்கள் பிடிக்கும். அதையும் ஒளிக்க மாட்டேன். திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒரு விரிதாளில் இருந்தது. அதை மடிப்பு மடிப்பாகத் திறக்கும்போது வரும் சரசரப்பு இப்போதும் காதில் இருக்கிறது. பக்கங்களில் கற்பூர உருண்டையின் வாடையும் மின்குமிழின் சூடும் கலந்திருக்கும். கல்லூரிக்கு நான் போனதற்கும், பிறகு பல்கலைக்கழகம் போனதற்கும் அந்த அல்மாரிக்கும் தொடர்பு இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நன்றிகெட்டவன் ஆவேன். ஆனால் நன்றியை யாருக்குச் சொல்வது? கூடையில் சுமந்தவர்களுக்கா, பூட்டி வைத்தவருக்கா?

"அது எங்க ஆத்தா"

வருடத்துக்கு ஒரு தடவை, மழை விட்டு வெயில் நிலைத்ததும், புத்தகங்களை வாசலில் பாய் விரித்துக் காயவைப்போம். அந்த வேலைக்கு லயத்திலிருந்து ஒருத்தியை அம்மா கூப்பிடுவார். ஒரு வருடம் அஞ்சலை வந்தாள். காற்று புரட்டிய ஒரு பக்கத்தில் அவள் அப்படியே குந்திவிட்டாள்.

தேயிலை என்ற தலைப்பில் அரைப் பக்கத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். முதுகில் கூடை, தலையில் கம்பளித் துண்டு, காதில் தொங்கும் தண்டட்டி. ஒரு பெண் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுப்பவரை முறைத்துப் பார்க்கிறாள். கை மட்டும் செடியில் இருக்கிறது.

"அம்மா, இது எங்க ஆத்தா" என்றாள் அஞ்சலை.

அம்மா சிரித்தார். எந்தத் தோட்டத்து யாரோ என்றார். அஞ்சலை விடவில்லை. தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது துரை வீட்டுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரி பெட்டிக் கெமராவோடு மலைக்கு வந்து தன் தாய் காத்தாயியை நிறுத்திப் படம் எடுத்தாள் என்றாள். அன்று முழுவதும் ஆத்தாவின் கூடை நிறையவில்லை, அதற்குக் கங்காணியிடம் ஏச்சு வாங்கியது என்றாள். ஆத்தா எல்லாரையும் இப்படித்தான் முறைத்துப் பார்க்கும் என்றாள்.

அது காத்தாயிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருக்கலாம். அந்தத் துரைக்கு அந்தப் புத்தகம் எதற்கு என்று யோசித்தால், தன் தோட்டத்துப் படம் அதில் வந்ததால் வாங்கினார் என்று நினைக்கவும் இடம் இருக்கிறது. அப்பா உடனே அப்படித்தான் நினைத்தார். தன் செட்டில் தன் தோட்டம். அதன்பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு, லயத்திலிருந்து வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அஞ்சலை லெச்சுமியையும் கூட்டிவந்து, பாரு, அப்பாயி இல்ல, உங்க அம்மாயி என்று காட்டினாள்.

இறந்துபோன தாயின் ஒரே படம். பார்ப்பதற்கு அவள் நத்தார்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் இழுத்தார்கள்

பிறகு அந்த ஒப்பந்தம் வந்தது. இந்தியா, சிலோன் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, பிரஜாவுரிமை இல்லாமல் எங்கள் மலைகளில் இருந்தவர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் ஆடு பிரிக்கிறவன்கூட ஆட்டைப் பார்த்துத்தான் பிரிப்பான். இவர்கள் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. சில வருடம் கழித்து, இந்தியாவுக்கு எழுதுகிறவர்கள் இந்தியாவுக்கு எழுதலாம், சிலோன் பிரஜாவுரிமை கேட்கிறவர்கள் அதற்கு எழுதலாம் என்று வந்தது.

விண்ணப்பம் போடுவதை எழுதுவது என்றுதான் தோட்டத்தில் சொன்னார்கள். "நீ எங்க எழுதிட்ட?" "நான் இந்தியாவுக்கு எழுதிட்டேன்." எழுதத் தெரியாதவர்கள் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலையை இரண்டு பக்கமும் இழுத்தார்கள். புருஷனின் தம்பி குடும்பம் இந்தியாவுக்கு எழுதிவிட்டது. நீயும் எழுது அண்ணி, பொம்பள தனியா இங்க கிடந்து என்ன செய்யப்போற என்று கொழுந்தனார் தினமும் நச்சரித்தார். அந்த நேரம் லெச்சுமி கல்யாணமாகிப் பூனாகலைக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் வீட்டார் சிலோனுக்கு எழுதியிருந்தார்கள். நீ போகாதம்மா, சிலோனுக்கு எழுது என்று அவள் அழுதாள்.

லயத்தில் பலவிதமான கதைகள் ஓடின. சிலோனுக்கு எழுதினால் விசாரணையில் அப்பா, பாட்டன் எல்லாம் இந்த நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். இல்லாவிட்டால் பொய் சொன்னதாகப் பிடித்து இரண்டு நாட்டுக்கும் இல்லாமல் ஆக்கிவிடுவார்கள் என்றார்கள். சட்டம் அப்படிச் சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

அஞ்சலைக்கு அத்தாட்சி என்றால் ஞாபகம் வந்தது அந்தப் படம். அச்சடித்த படம். வெள்ளைக்காரன் அச்சடித்தது. அந்தப் புத்தகத்தைப் பதுளையில் இருந்த பிரஜாவுரிமைக் கந்தோருக்கு ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டித் தரமுடியுமா என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா இரவுச் சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சிரித்தார். ஒன்று வெளியே போனால் செட் உடைந்துவிடும், செட் உடைந்தால் மிச்சமெல்லாம் வெறும் கடதாசி என்றார். நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

இனித் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன்.

நான் எழுந்து குசினிக் கதவுக்குப் போனேன். அப்பா கொடுக்கமாட்டார் என்று சொன்னேன்.

"பொஸ்தகம் வேணாம் சின்னய்யா. அது அய்யாவோட பொருளு. படத்துக்குக் கீழ எழுதியிருக்குல்ல, அத மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க. எங்க ஆத்தாள எந்த நாடுன்னு போட்டிருக்கு? நாளைக்கு எழுதணும். பொஸ்தகத்துல என்ன இருக்கோ அதுபடி எழுதிர்றேன்."

இதைக் கவனித்துப் பாருங்கள். கொழுந்தனார் ஒன்று சொல்கிறார், மகள் ஒன்று சொல்கிறாள், லயம் பத்துவிதமாகச் சொல்கிறது. அவள் புத்தகத்தைக் கேட்டு முடிவெடுக்க வந்திருந்தாள். புத்தகத்தில் இருந்தால் முடிந்த விஷயம் என்பதை எங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் அவள் கற்றுக்கொண்டாள்.

அப்பாவின் மேசை லாச்சியிலிருந்து சாவியை எடுத்து அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். கதவு நிலையில் நின்றபடியே திறந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். முதலில் தாயின் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி, தாளில் படாமல், படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைக் காட்டினாள்.

ஆங்கிலத்தில் ஒரே வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "சிலோன்: இந்தியத் தமிழ்ப் பெண்ணொருத்தி தேயிலை பறிக்கிறாள்."

இரண்டு நாடும் அதில் இருந்தது. அவளுக்கு வேண்டிய பதில் முதல் சொல்லிலேயே இருந்தது. படம் எடுத்த இடம் சிலோன். பெண் நிற்பது சிலோனில். இந்தியத் தமிழ் என்பது சர்க்கார் எங்களுக்கு வைத்த பட்டப்பெயர். இங்கேயே பிறந்து இங்கேயே செத்தவனுக்கும் அதுதான் பெயர். எனக்கும் அதுதான். இதை விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

நான் அவசரமாக யோசித்தேன். சிலோன் என்று சொன்னால் இவள் மறுபடி அப்பாவிடம் வருவாள். புத்தகத்தைக் கேட்பாள். விசாரணைக்காரரைக் கூட்டிவந்தாலும் வருவாள். நான் சாவி எடுத்தது தெரிந்துவிடும். அந்த விரல் வேறு தாளுக்கு மிக அருகில் இருந்தது. எனக்குத் தாவரவியல் படிக்க வேண்டும்.

"இந்தியன்னு போட்டிருக்கு" என்றேன்.

"சிலோன்னு ஒண்ணும் இல்லீங்களா?"

புத்தகத்தை மூடினேன். "இந்தியன்னுதான் இருக்கு."

முதலில் சொன்னது பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய். பல வருடம் நான் முதலாவதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், புத்தகத்தைத் தொடாத கையை.

"பெரிய பொஸ்தகத்துலயே அப்படிப் போட்டுட்டான்னா சரியாத்தான் இருக்கும். நல்லவேளை கேட்டேன் சின்னய்யா. இல்லாட்டி அங்க போயி பொய் சொல்லி மாட்டியிருப்பேன். நீங்க நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் இந்தியாவுக்கு எழுதிவிட்டாள்.

செடியும் வெளியிலிருந்து வந்ததுதான்

அந்த வரியை எழுதியவர்கள்மேல் எனக்கு அடங்காத ஆத்திரம். அதே பக்கத்தில், தேயிலைச் செடி வேறு நாடுகளிலிருந்து சிலோனுக்குக் கொண்டுவரப்பட்டது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்தச் செடி சிலோன் தேயிலை ஆகிவிட்டது. உலகம் முழுக்க அந்தப் பெயரில் விற்றார்கள். அந்தச் செடியை நட்டு, வளர்த்து, பறித்து, அதற்குக் கீழேயே புதைக்கப்பட்டவர்களின் பேத்தி மட்டும் இந்தியக்காரி. செடிக்குக் கிடைத்த பிரஜாவுரிமை ஆளுக்குக் கிடைக்கவில்லை.

எல்லாம் தெரிந்த புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். தேயிலை இலையின் நரம்புகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதை வாசித்துவிட்டு என்னை ஆறுதல்படுத்த வரும் நண்பர்கள் இருப்பார்கள். அந்தப் புத்தகம் எந்தக் கந்தோரிலும் அத்தாட்சியாக எடுபட்டிருக்காது, நீ சொன்னதால் என்ன வந்துவிட்டது என்பார்கள். எடுபட்டிருக்காது என்பது எனக்கும் தெரியும். அவள் கேட்டது அத்தாட்சி அல்ல. எங்கே எழுதுவது என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு அந்தத் தோட்டத்தில் நிதானமாகப் பதில் சொல்லக்கூடிய இரண்டு பேரில் ஒருவர் பூசையில் இருந்தார். மற்றவன் நான்.

சில வருடம் கழித்துக் கடவுச்சீட்டு வந்தது. அதற்குள் அவள் மனம் மாறி, மகளோடு இருந்துவிடுகிறேன், மாற்றி எழுதித்தாருங்கள் என்று பல இடங்களில் கேட்டுப் பார்த்தாளாம். எழுதியதை மாற்ற முடியாது என்றார்களாம். நான் அப்போது பல்கலைக்கழகத்தில். விடுமுறையில் வந்தபோது, சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னார். அஞ்சலை போயிட்டா, பண்டாரவளை ஸ்டேசன்ல மகள் கோச்சிக் கம்பியப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்லையாம். பிறகு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

நான் அந்த ஸ்டேசனில் இல்லை. பார்க்காததை எழுதமாட்டேன். சாப்பிட்டு எழும்பினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அந்த செட் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்பார்கள். அப்பா ஓய்வுபெற்றுப் பதுளையில் வாடகை வீட்டுக்கு வந்தபோது அதையும் கொண்டுவந்தார். அல்மாரியில் விளக்கு எரிக்க அங்கே அவர் மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். நிறுத்திவிட்டார். இரண்டு மழைக்காலத்தில் அட்டைகள் ஊதி, கறையான் ஏறி, அள்ளிக் கொட்டினோம். அதற்காக அழுகிறவர்கள் அழட்டும்.

பண்டாரவளை பஸ்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பதுளையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் பஸ் தரிப்பில் ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஆஸ்பத்திரி மருந்துப் போத்தல். பெரிய கிளாக்கரய்யா மகன்தானே என்று கேட்டாள். லெச்சுமி.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். அம்மா எப்படி என்று கேட்டேன். கோத்தகிரிப் பக்கம் என்றாள்.

"அங்கயும் கொழுந்துதான் எடுக்குது. அங்க உள்ளவங்க அத சிலோன்காரின்னுதான் கூப்பிடுறாங்களாம்." சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா உங்கள அடிக்கடி கேக்கும். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லி விடும். அன்னைக்கி எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்லிக் கொழப்புனாங்க, கிளாக்கரய்யா மகன் மட்டுந்தான் பொஸ்தகத்தப் பாத்து உள்ளத உள்ளபடி சொன்னாருன்னு."

அந்த இடத்தில் எனக்குத் தாங்கவில்லை. பஸ் தரிப்பில், கடலை விற்கிறவனுக்கும் லொத்தர் சீட்டு விற்கிறவனுக்கும் நடுவில் நின்று, அந்த வரியை முழுதாகச் சொன்னேன். முதல் சொல் சிலோன் என்று சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். சாவி, அப்பா, பரீட்சை. சொல்லும்போதே அவை எவ்வளவு சின்னக் காரணங்கள் என்று எனக்கே தெரிந்தது.

லெச்சுமி பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மற்ற இடுப்புக்கு மாற்றினாள். கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்த பார்வையில் மட்டும் நான் ஒரு அடி பின்னால் போனேன்.

அம்மாவுக்கு நானே எழுதிவிடுகிறேன், மன்னிப்புக் கேட்கிறேன், விலாசம் தா என்றேன்.

"எழுதாதீங்க" என்றாள்.

பண்டாரவளை பஸ் வந்து நின்றது. சனம் முண்டியடித்து ஏறியது. அவள் மிதிபலகையில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எழுதுனா ஒங்க மனசு ஆறிரும். அம்மா என்ன செய்யும்? படிச்சவங்கள்ல ஒருத்தராவது நமக்கு உண்மையச் சொன்னாங்கன்னு நெனச்சிக்கிட்டுத்தான் அங்க கெடக்குது. அதையும் புடுங்கிக்கிறாதீங்க. அது உசுரோட இருக்கிறவரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

போன மழைக்காலத்தில் அஞ்சலை அங்கேயே காலமானதாக லெச்சுமியின் மகன் மூலம் அறிந்தேன். ஆகவேதான் இப்போது எழுதுகிறேன். மற்றபடி இத்தனை வருடமும் லெச்சுமி சொன்னபடியே நடந்தேன். இடையில் குடும்பத்தோடு இரண்டு தடவை தமிழ்நாட்டுக்குப் போனேன். கோவில் குளம் எல்லாம் பார்த்தோம். கோத்தகிரிப் பக்கம் போகவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய வாக்குகளில் அவ்வளவு சுலபமானது வேறொன்றும் இல்லை.